பாத மருத்துவரின் நட்பைக் கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மாட்சிமை தங்கிய மன்னரின் கடவுச்சீட்டு அலுவலகத்தார், லண்டன்.

பொருள்: விண்ணப்பதாரர்களுக்குத் தகுதியுள்ள நண்பர்களை ஏற்பாடு செய்து தருதல் தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய அலுவலகத்தாரின் மேலான பார்வைக்கு,

பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு முதன்முறையாக விண்ணப்பிக்கும் வயதுவந்தோரும், சிறு குழந்தைக்காக விண்ணப்பிக்கும் பெற்றோரும், பழைய சீட்டைத் தொலைத்தோரும், பழைய படத்தில் அடையாளம் தெரியாத அளவுக்கு முகம் மாறிவிட்டோரும் மேலொப்பம் பெற வேண்டும் என்பது அலுவலகத்தாரின் விதி. மேலொப்பம் எனப்படுவது, படத்தில் இருப்பவரும் விண்ணப்பத்தில் உள்ளவரும் ஒருவரே என்று மூன்றாம் ஆள் ஒருவர் பொறுப்பேற்றுத் தரும் சான்று. தாளில் விண்ணப்பிப்பதாயின் அவர் படிவத்தில் ஒப்பமிடுவதோடு நில்லாமல், 45 மில்லிமீட்டர் உயரமும் 35 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட படத்தின் முதுகில், இது இன்னாரின் மெய்யான சாயல் என்று எழுதி, ஒப்பமும் தேதியும் இட வேண்டும்.

அந்த மூன்றாம் ஆள் யார் என்பதில்தான் அலுவலகத்தாரின் தத்துவ மேதைமை வெளிப்படுகிறது. அவர் விண்ணப்பதாரரைக் குறைந்தது 2 ஆண்டுகள் நண்பராகவோ அயலவராகவோ உடன் பணிபுரிபவராகவோ அறிந்திருக்க வேண்டும்; தொழில்முறையில் மட்டும் அறிந்திருந்தால் போதாது. இரத்த உறவோ மண உறவோ காதலோ இருத்தல் ஆகாது. ஒரே முகவரியில் வசித்தலும் ஆகாது. இவற்றோடு, அங்கீகரிக்கப்பட்ட தொழிலில் இருப்பவராகவோ ஓய்வு பெற்றவராகவோ, அல்லது ஊரில் நற்பெயர் உடையவராகவோ அவர் திகழ வேண்டும். ஒரு மனிதரின் முகத்தை நன்றாக அறிந்தவர்கள் பெரும்பாலும் அவரது வீட்டார். வீட்டாரல்லாத கற்றோர் அறிந்திருந்தால் அது பெரும்பாலும் தொழில் வழியே. இவ்விரு சாராரையும் கழித்தபின் எவரேனும் எஞ்சினால், அவரே அரசு நம்பத்தக்க சாட்சி. இருபது ஆண்டுகளாக ஒருவரின் இரத்த அழுத்தத்தையும் தூக்கமின்மையையும் குடும்பக் கவலைகளையும் கேட்டு வரும் மருத்துவர்கூட, தாம் அவருக்கு நெருங்கிய நண்பர் போன்றவர் என்றும் படத்தைப் பார்த்ததும் எளிதில் இனங்காண முடியும் என்றும் தெரிவித்தாலன்றி ஒப்பமிட இயலாது.

நற்பெயர் என்பதற்கு அலுவலகத்தார் இலக்கணம் வகுக்கவில்லை. மாறாக ஒரு தொழிற்பட்டியலை எடுத்துக்காட்டாக வைத்திருக்கின்றனர். வழக்கறிஞர், ஆசிரியர், காவலர், நாடாளுமன்ற உறுப்பினர் என்று எதிர்பார்த்தபடியே நடந்துசெல்லும் அப்பட்டியல், திடீரென்று மதுக்கடை உரிமதாரரிடமும், ஏலக்காரரிடமும், விமானியிடமும், ஈமச்சடங்கு நடத்துநரிடமும் போய் நிற்கிறது. கடைசியாகச் சொன்னவர் முகங்களை மிகுந்த கவனத்தோடு பார்ப்பவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவரது வாடிக்கையாளர்கள் எவரும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருப்பதில்லை. பாத மருத்துவரும் பட்டியலில் உண்டு. வாழ்நாள் முழுவதும் குனிந்தே பணிபுரியும் ஒருவரை முகத்துக்குச் சாட்சியாக்கிய துணிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பத்தாண்டுகளாக ஒரே தெருவில் குழாய் பழுது பார்ப்பவர், அத்தெருவின் ஒவ்வொரு முகத்தையும் அது கோபத்தில் இருக்கும்போதே அறிந்தவராயினும், பட்டியலில் இல்லை; தமக்கு நற்பெயர் உண்டு என்பதை அவர் வேறு வழியில்தான் நிறுவ வேண்டும்.

பச்சிளங்குழந்தைகளின் விண்ணப்பத்தில் இவ்விதி தன் உச்சத்தை எட்டுகிறது. பிறந்து ஆறு வாரமே ஆன குழந்தையை இரண்டு ஆண்டுகள் அறிந்திருக்க எவராலும் இயலாது என்பதை அலுவலகத்தார் பெருந்தன்மையோடு ஏற்று, விண்ணப்பத்தில் ஒப்பமிட்ட பெற்றோரை அறிந்திருந்தால் போதும் என்று தளர்த்தியுள்ளனர். ஒரு வயது நிறையாத குழந்தை படத்தில் கண் திறந்திருக்க வேண்டியதில்லை என்றும் சலுகை தந்துள்ளனர். ஆகவே, கண்மூடி உறங்கும் ஒரு சிசு, தன் தந்தையின் நண்பரான ஏலக்காரரால், தான் தானே என்று உறுதிசெய்யப்படுகிறது.

குடிபெயர்ந்து வந்தோரின் நிலை தனியே ஆராயத்தக்கது. குடியுரிமை கோருபவர், தம்மை 3 ஆண்டுகளாவது அறிந்த சான்றளிப்போர் இருவரை முன்னிறுத்த வேண்டும். அவர்களுள் ஒருவராவது தொழில்தகுதி உடையவராக இருத்தல் வேண்டும். விரல்ரேகையும் முகப்படமும் அரசிடம் தந்தாக வேண்டும். இந்நாட்டின் வரலாறு, வாழ்வு குறித்த 24 வினாக்களுள் 18-க்கேனும் 45 நிமிடத்துக்குள் சரியான விடையளித்துத் தேற வேண்டும். பின்னர் ஒரு மண்டபத்தில், உள்ளாட்சி அதிகாரியின் முன்னிலையில், மன்னருக்கு விசுவாசம் கூறிச் சான்றிதழ் பெற வேண்டும். இவ்வளவும் உள்துறை அமைச்சின் ஒரு கைக்குத் தெரியும். அதே அமைச்சின் மறுகையாகிய கடவுச்சீட்டு அலுவலகமோ, சான்றிதழைக் கண்ட பின்னரும், இந்த முகம் இவருடையதுதான் என்று சொல்ல உங்களுக்கு ஒரு பல் மருத்துவ நண்பர் உண்டா என்று வினவுகிறது.

லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் ஈழத்தமிழருக்கு இவ்வினா சற்றுக் கடினமானது. ஊரில் குணநலச் சான்று தேவைப்பட்டால் கிராம சேவகரிடம் போவது வழக்கம். அவருக்குக் குடும்பத்தைத் தெரியும், அது அவரது வேலை. இங்கோ அவரைப் போல் வேலை வழியாக மட்டும் அறிந்தவரின் ஒப்பம் செல்லாது. நன்கு அறிந்த அயலவரைத் தேடினால் அவர் ஒன்றுவிட்ட சகோதரரின் சம்பந்தியாக அமைந்துவிடுகிறார். மண உறவு எந்தத் தொலைவில் முடிகிறது என்பது குறித்து ஒரே கிராமத்திலிருந்து வந்தோரிடையே கருத்தொற்றுமை ஏற்பட்டதில்லை. அங்கீகரிக்கப்பட்ட சமயத்தின் குரு ஒப்பமிடலாம் என்பதால் கோயிலுக்குச் சென்றால், குருக்கள் குறுங்கால விசாவில் வந்தவராக இருக்கக் கூடும். ஒப்பமிடுபவரிடமோ செல்லுபடியாகும் பிரித்தானியக் கடவுச்சீட்டு, தாள் விண்ணப்பமாயின் அயர்லாந்துக் கடவுச்சீட்டாயினும், இருந்தாக வேண்டும்.

மரபுக்கு மதிப்பளிப்பது அலுவலகத்தாரின் இயல்பு. 19-ஆம் நூற்றாண்டிலேயே நகரத் தலைவர், நீதவான், மதகுரு, மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருள் ஒருவரின் சான்றின் பேரில் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. பயணம் செய்யும் கனவான்களுக்கு அத்தகைய நண்பர்கள் விருந்து மேசையிலேயே கிடைத்தனர். அதே மரபைப் பின்பற்றி வந்த கனடா, 2007 அக்டோபரில் தொழிற்பட்டியலைக் கைவிட்டு, கடவுச்சீட்டு வைத்திருக்கும் வயதுவந்தோர் பெரும்பாலும் எவரும் உறுதியளிக்கலாம் என்று அறிவித்தது. அதனால் அந்நாட்டின் பாத மருத்துவர்கள் மதிப்பிழந்ததாகத் தெரியவில்லை.

எனவே, குடியுரிமை விழாவில் விண்ணப்பதாரரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் உள்ளாட்சி அதிகாரியே அங்கேயே படத்தின் முதுகிலும் ஒப்பமிடலாமா என்பதை அலுவலகத்தார் பரிசீலிக்க வேண்டும். உள்ளாட்சி அதிகாரி பட்டியலில் இருப்பவர்தான்; நட்பு மட்டுமே குறை. அது இயலாதெனில், நாட்டில் காலடி வைக்கும் ஒவ்வொருவருக்கும் விசாவுடன் ஒரு பாத மருத்துவரையும் அறிமுகப்படுத்தி, இரண்டு ஆண்டுக் கணக்கு முதல் கைகுலுக்கலில் தொடங்குமா, முதல் தேநீரில் தொடங்குமா என்பதை எழுத்தில் தெளிவுபடுத்துமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.

இங்ஙனம்,
தகுதியுள்ள நண்பர் இல்லாதோர் சார்பில்.