வண்டின் வழக்கும் நாயின் ஓட்டமும்

கே: பழிவாங்கும் கதைக்குக் குறும்படம் போதுமா?

ப: தாராளமாக. மூன்று மணி நேரம் கத்தி தீட்டினால், பார்க்கிறவருக்குக் கோபமே ஆறிப்போகும்.

கே: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

ப: 1912இல் ரஷ்யாவில் ஸ்டாரெவிச் எடுத்த ‘ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்’. நடிகர்கள் அத்தனை பேரும் செத்த பூச்சிகள்! கம்பியால் கால் வைத்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி உயிர் கொடுத்தார். குடும்பஸ்தர் வண்டு, நகரத்தில் நாட்டியக்காரத் தும்பியோடு குலவுகிறார். பொறாமையில் வெந்த வெட்டுக்கிளி, கேமராவோடு பின்தொடர்ந்து சாவித் துவாரம் வழியாகப் படமெடுக்கிறது. வீடு திரும்பும் வண்டு, மனைவியோடு ஓர் ஓவியர் இருப்பதைப் பார்த்துவிட்டுக் குதிக்கிறார் பாருங்கள், என்ன ஆவேசம்! அப்புறம் மன்னித்து, அந்த அம்மாளைச் சினிமாவுக்கு அழைத்துப் போகிறார். புரொஜெக்டர் ஓட்டுவது யார்? வெட்டுக்கிளி! திரையில் ஓடுவது எது? நீங்கள் நினைப்பதேதான்! குடையால் அடி, திரை கிழிகிறது, புரொஜெக்டர் பற்றி எரிகிறது, தம்பதி சிறைக்குப் போகிறார்கள். எல்லாம் கால் மணி நேரத்துக்குள். இதையே இன்று எடுத்தால் வெட்டுக்கிளிக்கு ஃப்ளாஷ்பேக் வைத்துக் கெடுத்துவிடுவார்கள்.

கே: நாய்கள் தடை தாண்டி ஓடும் அஜிலிட்டி பந்தயம் எப்படிப் பிறந்தது?

ப: 1978இல், லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு இடையே கூட்டத்தை உட்காரவைக்க. குதிரைகள் தடை தாண்டுவதைப் பார்த்துப் போட்ட திட்டம். இடைவேளைச் சரக்கு மெயின் படத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது!

கே: அதில் நாய் தப்பு செய்தால் யார் பொறுப்பு?

ப: பெரும்பாலும் கூட ஓடும் மனிதர்தான். போட்டிக்கு முன்பே நடந்து பார்த்து வழியை மனப்பாடம் செய்தவர் அவர். நாய்க்கு எல்லாமே புதுசு. தொடக்கூடாது, தின்பண்டம் காட்டக்கூடாது. குரலும் உடலசைவும் மட்டும்தான். அவர் தோளை அரை நொடி முன்னால் திருப்பினால் நாய் அந்தப் பக்கமே பாயும், தப்பான சுரங்கத்தில் நுழையும், ஆட்டம் முடிந்தது. அதன் பிறகும் வாலாட்டிக்கொண்டு வருகிற நாயை முறைக்கிறார்களே, அவர்களை மட்டும் என்னால் பொறுக்கவே முடியாது.

கே: பூனைக்கும் வைக்கலாமே?

ப: அமெரிக்காவில் வைக்கிறார்கள். பூனை சம்மதித்தால் நடக்கும்.

கே: எனக்குத் துரோகம் செய்தவரை மன்னிக்க முடியவில்லை. தவறா?

ப: இல்லை. காயம் ஆறாதவரிடம் ‘மன்னித்துவிடு’ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நார்மன் மெக்லாரன் 1952இல் கனடாவில் எடுத்த ‘அண்டை வீட்டார்’ படத்தை ஒருமுறை பாருங்கள். எட்டே நிமிடம். எல்லையில் பூத்த ஒரு பூவுக்காக இருவர் அடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் வீட்டுப் பெண்ணையும் குழந்தையையும்கூட மற்றவர் விடவில்லை. பூ அவர்கள் காலடியிலேயே நசுங்குகிறது. மன்னிக்க வேண்டாம், விலகியிருங்கள். உங்கள் வீட்டார் அந்தச் சண்டைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.