ஒரு தடியங்காயும் மூணு தரமும்

என் வாழ்க்கையில் நான் ஏலத்தில் எடுத்த ஒரே பொருள் ஒரு தடியங்காய், அதாவது வெண்பூசணி. விலை 1,400 ரூபாய். அன்றைக்குச் சந்தையில் அதே மாதிரிக் காய் 60 ரூபாய்க்குக் கிடைத்தது என்பதை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. என்னையும் மறக்க விடுவதில்லை.

மாமனார் ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். அங்கே கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை. கோயில் என்றால் கிறிஸ்தவக் கோயில், மணிக்கூண்டு வைத்தது. அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் வேப்பமரத்தடியில் ஏலத்துக்கு வரும். வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டி, காலில் சணல் கட்டிய சேவல், யாரோ பேரப்பிள்ளை பேரில் படைத்த ஒற்றை முட்டை. அந்த முட்டை 300 ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் ஏலம், இந்த முறை 250. பொரிக்கும் முன்பே மதிப்புக் குறைந்துவிட்ட கோழியை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து தடியங்காய். மேலே சாம்பல் பூத்து, ஒரு கைக்குழந்தை கனத்தில் இருந்தது. ஏலம் போட்ட மாமா முறைக்காரர் மைக்கில் சொன்ன தொகை எனக்குச் சரியாக விழவில்லை. ஆச்சரியப்பட்டு, "ஆயிரத்து நானூறா?" என்றேன். உண்மையில் அதுவரை வந்திருந்தது 1,300தான்.

"நம்ம மாப்ள ஆயிரத்து நானூறு! ஒரு தரம்!"

"மாமா, நான் சும்மா கேட்டேன்."

"அதத்தான் நானும் சொல்லுதேன் மாப்ள, கேட்டாச்சுல்லா. ரெண்டு தரம்!"

கேள்விக்குறி காகிதத்தில்தான் பத்திரமாக இருக்கிறது. வேப்பமரத்தடியில் அது செல்லாது.

யோசித்துப் பார்த்தால் மாமா மேல் தப்பில்லை; தப்பெல்லாம் தமிழ் மேல்தான். கடன் கேட்கிறோம், வழி கேட்கிறோம், வரம் கேட்கிறோம். எதிலும் கேட்டவன் கையிலிருந்து காசு போவதில்லை. (பெண் கேட்டால் போகும். ஆனால் கொஞ்சம் அவகாசம் உண்டு.) ஏலத்தில் மட்டும் கேட்பது என்றால் கொடுப்பது. அதிகம் கேட்டவன் அதிகம் கொடுக்க வேண்டும். விற்பவரோ ஏலத்தை 'விடுகிறார்', பட்டம் விடுவது போல, மூச்சு விடுவது போல. வாங்குபவர் 'எடுக்கிறார்', தரையில் கிடந்ததைக் குனிந்து எடுப்பது போல. ஆக, யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை. ஒருத்தர் விட்டார், ஒருத்தர் எடுத்தார், நடுவில் என் சட்டைப்பை காலியானது.

இந்தத் 'தரம்' இன்னொரு கூத்து. தரம் என்றால் தடவை. தரம் என்றால் தன்மையும்தான். ஜவுளிக்கடையில் 'தரமான துணி' என்று ஒரு தரம் சொன்னாலே சாயம் போகுமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் நாம். ஏலத்தில் மூன்று தரம் சொல்கிறார்கள், நம்பிவிடுகிறோம். அதிலும் ஒவ்வொரு தரத்துக்கும் நடுவில் விடும் இடைவெளி ஏலம் போடுகிறவரின் சொந்தச் சொத்து. சேவலுக்கு ரெண்டு தரம் சொல்லிவிட்டு, அதன் கொண்டையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். எனக்கு ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவே எச்சில் விழுங்கவும் நேரமில்லை. ஊர் மருமகன் என்றால் தனிக் கவனிப்பு.

'ஏலம்' என்ற சொல்லே நம் ஊர்ச் சரக்கில்லை. மேசை, சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் வந்த அதே போர்த்துக்கீசியக் கப்பலில் வந்து இறங்கியதுதான். அவர்கள் சொல் 'லெய்லாவ்ங்' மாதிரி ஒலிக்கும். அவர்களுக்கு அது அரபியிலிருந்து வந்தது. மலையாளத்தில் 'லேலம்' என்று கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. வடக்கே 'நீலாம்' ஆனது. தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வரக்கூடாது என்பது இலக்கணம். நாம் அந்த லகரத்தை இறக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். போடிநாயக்கனூரில் ஏலக்காயை ஏலம் விடுகிறார்கள், இரண்டு ஏலத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எங்கள் பக்கம் கூப்பிடுவதற்கு 'ஏலே', முடியாது என்பதற்கு 'ஏலாது'. ஏலே, ஏலாதவன் ஏலம் கேட்கலாமா என்று என் மைத்துனன் அன்று ராத்திரி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பொருளுக்கு உண்டான சொற்களை மனிதர்மேல் ஏற்றினால் ஆபத்து. 'விலை போய்விட்டார்' என்று ஒரு கவுன்சிலரைப் பற்றி எழுதிப் பாருங்கள், வக்கீல் நோட்டீஸ் வரும். ஆனால் 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் கிரிக்கெட் வீரர் ரிஷப் பண்ட் 27 கோடிக்கு லக்னோ அணிக்கு விலை போனார், வாழ்த்துகள் குவிந்தன. விலை போகாதவர்கள் பாடுதான் அங்கே அவமானம். என் பெரியப்பா எந்தக் கட்சிக்கும் விலை போகாதவர் என்று ஊரே பெருமைப்பட்டது. கிரிக்கெட் பார்க்கிற அவர் பேரன் அதைக் கேட்டு, "பாவம் தாத்தா" என்றான்.

ஏலச்சீட்டில் எல்லாமே தலைகீழ். அங்கே கூட்டிக் கேட்க முடியாது, தள்ளிக் கேட்க வேண்டும். லட்ச ரூபாய்ச் சீட்டில் 'எனக்கு 75 போதும்' என்று ஒருத்தர், 'எனக்கு 72' என்று இன்னொருத்தர். யாருக்கு அவசரம் அதிகமோ அவருக்குச் சீட்டு. மகன் கல்லூரிக் கட்டணத்துக்காக என் அத்தை 28,000 தள்ளி எடுத்தபோது கூடியிருந்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. அந்தத் தள்ளுபடி அவர்களுக்குப் பங்கு பிரியும் அல்லவா? 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம், தள்ளியதுபோக மிஞ்சும் தொகைக்கு 'பரிசுத்தொகை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைத்திருந்தது. தன் பணத்தில் கால்வாசிக்கு மேல் விட்டுவிட்டு வருகிறவருக்குப் பரிசாம்! 2019 திருத்தத்தில் அதை 'நிகரச் சீட்டுத் தொகை' என்று மாற்றினார்கள். ஒரு சொல்லை நேராக்க 37 வருடம். அத்தை எந்தச் சொல்லையும் பயன்படுத்தவில்லை. "கெடச்சத வாங்கியாச்சு" என்றாள்.

வங்கி ஏல விளம்பரங்களையும் நான் விடாமல் படிப்பேன். வீடு எங்கே எப்படி இருக்கிறதோ அங்கே அப்படியே, உள்ளது உள்ளபடியே விற்கப்படும் என்று போட்டிருக்கும். தமிழில் இவ்வளவு யோக்கியமான விற்பனை வாசகம் வேறில்லை. கல்யாணத் தரகர்கள் இதைக் கடைப்பிடித்தால் என் கல்யாணமே நடந்திருக்காது.

தடியங்காயைத் திருப்பிக் கோயிலுக்கே கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கொடுத்தால் மறுபடி ஏலம், மறுபடி நான் எதையாவது கேட்டுத் தொலைப்பேன். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். பக்கத்து இருக்கை அம்மா, "எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டார். 'வாங்கவில்லை, எடுத்தேன்' என்று விளக்கினால் திருட்டுக் காய் என்று நினைப்பார். பேசாமல் இருந்தேன். ஒரு வாரம் மோர்க்குழம்பு, கூட்டு, சாம்பார். அண்டை வீடுகளுக்குத் துண்டு துண்டாகக் கொடுத்தோம். ஒவ்வொரு துண்டையும் மனைவி கையில் எடுத்து, "இது 90 ரூவா" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

போன வாரம் மாமனார் போன் செய்தார். "மாப்ள, பண்டிகைக்கு வருவியள்லா? மாமாமாரு எல்லாரும் ஒங்களத்தான் கேட்டாவ."

"எவ்வளவுக்கு மாமா?" என்றேன்.