மால்ட்டு முதலாளி

ஆரணியில் முதலாளி என்றால் பட்டு முதலாளிதான். கச்சாப் பட்டும் சரிகையும் வாங்கி, சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கத்துத் தறிகளுக்குக் கொடுத்து, சேலையாகத் திரும்ப வாங்குகிறவர். இந்த மரத்தில் கொஞ்ச காலமாக ஒரு புதுக் கிளை தழைத்து வருகிறது. ஐம்பதைத் தாண்டி, பையனிடம் கடைச் சாவியில் பாதியைக் கொடுத்துவிட்டு, 'இனி கொஞ்சம் ரசிச்சு வாழலாம்' என்று தீர்மானித்தவர்கள் அதில் காய்க்கிறார்கள். இவர்களை மால்ட்டு முதலாளி என்று சொல்லலாம்.

பகலில் இவரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். சேலையைப் பிரிக்கக்கூட மாட்டார். மடிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். "ஊடையில இழை குறைச்சிருக்கான்" என்பார். சரிகையை வெளிச்சத்துக்குத் திருப்பி, "ஆஃப் பைனு. எடுத்துக்கினு போ" என்று தள்ளிவிடுவார். தறிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொள்வார். விலைச்சீட்டையும் அட்டைப்பெட்டியையும் பார்த்துச் சேலை எடுக்கிற கல்யாண வீட்டாரைக் கண்டால் இவருக்கு இளப்பம். "பொட்டி பாத்து வாங்குற பார்ட்டி" என்று காதோடு சொல்லிச் சிரிப்பார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மாடியறைக் கதவைச் சாத்தியதும் பெட்டி பார்த்து வாங்குகிற பார்ட்டியாக இவரே மாறிவிடுவார்.

மாடியறையில் இரும்பு பீரோ. பத்திரங்கள் இருந்த தட்டில் இப்போது ஸ்காட்லாந்து. பாட்டிலைவிட அது வந்த உருளை டப்பாவுக்கு மரியாதை அதிகம். காலியானாலும் தூக்கிப்போட மாட்டார். டப்பாவில் போட்டிருக்கிற வயது எண்தான் இவருக்குச் சுவை. 12 என்றால் "பரவால்ல". 18 என்றால் கண்ணை மூடித் தலையாட்டுவார். 21 என்றால் கிளாசைக் கையில் எடுப்பதற்கு முன்பே மெய்ம்மறப்பார். ஒருமுறை 12 ஆண்டு பாட்டிலைக் காட்டி, "இது வாங்கி ஆறு வருசம் ஆச்சு. அப்ப இப்ப 18-தானே?" என்றார். விஸ்கிக்கு மரப்பீப்பாயில் இருக்கும் வரைதான் வயது. கண்ணாடிக்குள் போனதும் அதற்குப் பிறந்தநாள் கிடையாது. இதைச் சொல்லி ஒரு முதலாளியின் மனதை நோகடிக்க யாருக்குத் துணிவு வரும்?

சரக்கு வருகிற வழி தனிக் கலை. 2003 முதல் சில்லறை மதுக்கடையை அரசாங்கமே நடத்துகிறது. அந்தக் கடை வாசலில் பட்டு முதலாளி நின்றால் மறுநாள் தறி தறியாகச் செய்தி போய்விடும். ஆகவே சிங்கப்பூரிலிருந்து வருகிற மச்சான் பையனே கதி. விமான நிலையத்தில் தீர்வை கட்டாமல் வயதுவந்த ஒருவர் 2 லிட்டர் கொண்டுவரலாம் என்பது இவருக்குப் பஞ்சாங்கம் போல மனப்பாடம். "தனியாவா வர? பொண்டாட்டியையும் இட்டாந்துடுப்பா, பாவம், ஊரப் பாத்து எவ்ளோ நாளாச்சு" என்று உருகுவார். அந்தப் பெண்ணின் பெயர் இவருக்கு ஞாபகம் இருக்காது. அவளும் 2 லிட்டர், அதுதான் கணக்கு.

குடிக்கத்தான் நாள் அமைவதில்லை. புரட்டாசி முழுக்க விரதம். கார்த்திகையில் மாலை. அமாவாசை, கிருத்திகை, பௌர்ணமிக்கு அண்ணாமலையார் கிரிவலம். முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரமில்லை. கல்யாணப் பட்டு நகராத ஆடிதான் மிச்சம். ஆடி மாதத்தில் நம்மவர் கூழும் குடிப்பார், ஸ்காட்சும் குடிப்பார்.

ஆடி இல்லாவிட்டாலும் பீரோ திறக்கிற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. சூரத்திலிருந்து சரிகைக்காரர் வருகிற நாள். நம் சேலைகளில் மின்னுகிற சரிகைக்குச் சூரத்துதான் பெரிய ஊர். அது இருப்பதோ 1960-இல் தனி மாநிலமான நாள் முதல் மதுவிலக்கில் இருக்கும் குஜராத்தில். பாவம், சேட்டு எவ்வளவு தூரத்துத் தாகத்தோடு வந்திருப்பார்! முதலாளி துலிப் பூ வடிவக் கிளாசை எடுத்துவைப்பார். "சோடா கூடாது. கோலா ஊத்துனா கொல. ரெண்டே சொட்டுத் தண்ணி" என்று மருந்துக்கடைக்காரரைப் போல விடுவார். உள்ளே இருப்பது ஐலே தீவு மால்ட் விஸ்கி. அங்கே பார்லியைப் பீட் என்கிற மக்கிய சதுப்புக் கரியின் புகையில் காயவைப்பார்கள். சேட்டு முகர்ந்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி வாசனை என்பார். அது சரியான தீர்ப்புதான், ஐலே ரசிகர்களே பெருமையாகச் சொல்வது. நம் முதலாளிக்கோ அவமானம் தாங்காது. "ஒனக்கு நாக்கு பழகல சேட்டு" என்பார். சேட்டு பழக்கிக்கொள்வார். மூன்றாவது கிளாசுக்குள் சரிகை விலையில் இவர் குறைக்க நினைத்ததை அவர் ஏற்றியிருப்பார்.

இவரோடு எனக்கு ஒரே ஒரு நிஜமான சண்டை உண்டு. பெங்களூர் அம்ருத் விஸ்கியைப் பற்றியது. "நம்ம ஊரு பட்ட ஆரணின்னு சொன்னா எவனும் மதிக்க மாட்டான். காஞ்சிபுரம் பொட்டில போட்டா ரெண்டு மடங்கு குடுக்குறான்" என்று இவர் வயிறெரிவதைக் கேட்காத ஆரணிக்காரர் இல்லை. வாஸ்தவமான பேச்சு. அதே வாயால், "பெங்களூர்ல போயி மால்ட்டா? நூல் வாங்கத்தான் பெங்களூரு" என்றார். அம்ருத்தோ 2004-இல் கிளாஸ்கோவிலேயே போய் அறிமுகமான சிங்கிள் மால்ட். 2010-ஆம் ஆண்டு விஸ்கிக் கையேட்டில் ஜிம் மர்ரே என்ற ஆங்கிலேயர் அதன் ஃப்யூஷன் வகையை உலகில் மூன்றாவது இடத்தில் வைத்தார். இதைச் சொன்ன பிறகுதான், "வெள்ளக்காரனே சொல்லிட்டானா?" என்று ஒரு பாட்டிலுக்குத் தட்டில் இடம் ஒதுக்கினார். அங்கும் ஒன்றுதான் அவர் மனதில் நின்றது. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவது ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம், பெங்களூர் வெயிலில் 10-க்கு மேல். "பத்து பர்சன்ட் சேதாரமா! எப்டிய்யா தொழில் பண்றான்?" என்று அன்றிரவு தூங்கவில்லை.

பீரோவின் மூலவர் ஒரு கோன்யாக். எக்ஸ்.ஓ. 2018 முதல் அந்த இரண்டெழுத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு ஓக் மரவாசம் கட்டாயம். அதை யாராவது பிராந்தி என்றால் முதலாளி கொதித்துவிடுவார். பிரான்சில் கோன்யாக் என்கிற ஊர் வட்டாரத்துத் திராட்சை ஒயினை இருமுறை வடித்த பிராந்திதான் அது என்பது வேறு விஷயம். நம் கடைகளில் விற்பதில் பெரும்பாலானது சர்க்கரை ஆலை மொலாசஸில் பிறந்து பிராந்தி என்று பேர் வைத்துக்கொண்டது. இந்த மொலாசஸ் சரக்குக்கு அந்தப் பெயர் பொருந்துவதைவிடக் கோன்யாக்குக்கு நன்றாகவே பொருந்தும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் கடையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவர் நடுக்கூடத்திலேயே நின்றுவிட்டார். மூக்கைத் தூக்கினார். "உலர்ந்த திராட்ச… வெனிலா… ஆரஞ்சுத் தோலு…" அட்டை இல்லை, எண் இல்லை, டப்பா இல்லை. ஒவ்வொன்றாக, சரியாக, தானாகவே சொல்லிக்கொண்டு போனார். கடைசியில் "கற்பூரம்…" என்றபோதுதான் குரல் இறங்கியது.

மூலைக் கட்டிலில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மருமகள் மண்டிபோட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பிராந்தி இருந்தா எடுத்தாம்மான்னேன், பீரோவத் தொறந்து குடுத்துச்சு" என்றார் அம்மா. "முட்டிக்கு நல்லாக் கேக்குதுடா. தீந்து பூட்ச்சு. நாளைக்கு வரச்சொல்ல இதே பாட்லு ரெண்டு வாங்கியாந்துடு."