ஜாக்கெட் பார்க்கும் படலம்

கார்த்திகை தீபம் முடிந்து மலையிலிருந்து கொப்பரையை இறக்குவதற்குள் எங்கள் ஊர் அண்ணன் ஒருவருக்கு ஜாக்கெட் ஜுரம் கண்டுவிடும். திருவண்ணாமலை–செஞ்சி சாலையில், கீழ்பென்னாத்தூர் டீக்கடைகளில் இவர் கண்ணில் படாமல் யாரும் ஒரு டீ குடித்துவிட முடியாது. குளிரில் பைக் ஓட்ட ஜாக்கெட் வாங்கப்போகிறார். போன மார்கழியிலும் வாங்கப்போனார். அதற்கு முந்தைய மார்கழியிலும்தான்.

அந்த ஜாக்கெட்டோடு போக வேண்டிய இடம் லடாக். கார்துங் லா கணவாயில் வைத்த பலகையில் 18,380 அடி என்றிருந்தாலும் உண்மை உயரம் 17,600-ஐத் தாண்டாது என்று லடாக்கையே திருத்துவார். இவர் இதுவரை பைக்கில் ஏறிய பெரிய உயரம் ஜமுனாமரத்தூர். அதுவும் சித்திரை வெயிலில்.

தான் வாங்காவிட்டாலும் அடுத்தவன் வாங்கியதைப் பார்க்காமல் விடமாட்டார். புது ஜாக்கெட்டோடு ஒரு பையன் வண்டியை நிறுத்தினால் போதும், முதலில் தோளில் ஒரு குத்து விழும். "உள்ள இருக்கிற பேடு லெவல் ஒன்னா, ரெண்டா?" பையன் விழிப்பான். "ஒன்னுன்னா அடியில 35 கிலோநியூட்டன் வரைக்கும் உள்ள விடும். ரெண்டுன்னா 20 தான்." அடுத்து உள்பக்க லேபிளைப் புரட்டித் தேடுவார். ஏஏஏ, ஏஏ, ஏ என்று ஐரோப்பாக்காரன் தரம் பிரித்திருக்கிறானாம். "ஒத்தை ஏ-வா? பரவால்ல, டீ குடிக்க வர்றதுக்குப் போதும்."

விட்டாரா என்றால் இல்லை. ஸ்டாண்டு போட்ட வண்டியில் பையனை ஏற்றி உட்காரவைப்பார். "ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல வை. குனி. இன்னும் குனி." கை நீண்டதும் மணிக்கட்டு வெளியே தெரிகிறதா, முதுகு ஏறி இடுப்பு தெரிகிறதா என்று சுற்றி வருவார். கடைசிச் சோதனைதான் உச்சம். கைப்பட்டியின் இடுக்கில் வாயை வைத்து ஊதுவார். முழங்கை வரை சில்லென்றால் ஜாக்கெட் ஃபெயில். பெண் பார்க்கப் போய் பஜ்ஜி, சொஜ்ஜி தின்று, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று நழுவும் வீட்டார்கூட இந்தப் பாடு படுத்தமாட்டார்கள். பையன் போகும்போது முகத்தில் புது ஜாக்கெட் களை இருக்காது.

ஆனால் ஒன்று, சொல்வதில் பிழை இருக்காது. விடியும் முன்னே எக்ஸ்எல்லில் கேன் கட்டிவரும் பால்காரத் தம்பி, சட்டைக்குள் பழைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு நடுங்குவான். ஒருநாள் அவனை நிறுத்தினார்; அவனிடம் மட்டும் லெவல், லேபிள் எதுவும் கேட்கவில்லை. "சூட்டைத் திருடறது காத்துதான் தம்பி. மலையில பத்து டிகிரி குளிர்ல நாப்பதுல போனா உடம்புக்கு ஆறு டிகிரிதான். ஸ்வெட்டரை உள்ள போடு, மேல மழைக்கோட்டைப் போடு. கழுத்தையும் மணிக்கட்டையும் இறுக்கிக் கட்டு." காசு செலவில்லாத யோசனை. தம்பியின் நடுக்கம் நின்றது. அன்றைக்கு அவர் டீக்கு நான்தான் காசு கொடுத்தேன், மனசாரவே.

எரிச்சல் வேறு இடத்தில். இவருடைய சாஸ்திரம் முழுக்கக் கழுத்துக்குக் கீழேதான். ஹெல்மெட் எந்நேரமும் கண்ணாடிக் கம்பியில் தொங்கும். கேட்டால் "முடி கொட்டுது தம்பி" என்பார். அபராதம் 1,000 ரூபாய் என்றால், "செஞ்சி வரைக்கும் எவன் பிடிக்கப்போறான்?" என்பார். பனியில் பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் எந்த லேபிளையும் படித்துப் பார்க்காது.

அண்ணா, காற்று புகக்கூடாது, உள்ளே ஸ்வெட்டருக்கு இடம் வேண்டும், தோள், முழங்கை, முதுகில் பேடு வேண்டும். இந்த மூன்றும் இருக்கிற ஏதோ ஒன்றை இந்த மார்கழியிலாவது வாங்கித் தொலையுங்கள். அதுவரைக்கும் கம்பியில் தொங்குவதை எடுத்துத் தலையில் மாட்டுங்கள்.