தோளுக்கு வந்த சோதனை

கேள்வி: பெரிய தோட்டா போடும் வேட்டைத் துப்பாக்கி தோளைப் பெயர்த்துவிடுமாமே? செமி ஆட்டோமேட்டிக்காக இருந்தால் உதை குறையுமா?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: குறையும், மறையாது. குண்டு முன்னால் பாய்ந்தால் துப்பாக்கி பின்னால் உதைத்தே தீரும். நியூட்டனிடம் சலுகை கேட்க முடியாது. வெடிவாயுவால் இயங்கும் செமி ஆட்டோமேட்டிக்கில், போல்ட் பின்னோக்கி ஓடி ஸ்பிரிங்கை அழுத்துவதால் அந்த உதை சற்று நீண்ட நேரத்துக்குப் பரவுகிறது. கடனைத் தவணையில் கட்டுகிற மாதிரி; அசல் தள்ளுபடி ஆகாது!

உங்கள் ஊர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போனது .405 வின்செஸ்டர் ரைஃபிளோடு. 1895 மாடல்; செமி ஆட்டோமேட்டிக் அல்ல. ஒவ்வொரு சூட்டுக்கும் லீவரை இறக்கி ஏற்ற வேண்டும். குண்டு ஏறத்தாழ 19 கிராம். தோளில் பதியும் கட்டையின் முனையில் ரப்பர் மெத்தை அல்ல, இரும்புத் தகடு! அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனதும் இதே ரகம்தான்.

யானை, காட்டெருமை வேட்டையில் பலரும் நம்பியது இரட்டைக்குழல் ரைஃபிளை. ஒரு குழல் கைவிட்டாலும் இன்னொன்று உண்டு. செமி ஆட்டோமேட்டிக்கில் தூசி புகுந்து தோட்டா சிக்கினால், 'ரிப்பேர் பார்த்துட்டு வாங்க' என்று காட்டெருமை காத்திருக்காது.

எப்படியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. இப்போது பெங்களூரில் தோளுக்கு ஆபத்து, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதுதான்!