நரைத்த குதிரைகள்

கேள்வி: அறுபதைத் தாண்டியவர்கள் சதுரங்கப் பந்தயத்தில் இறங்குவது வீண் பிரயாசை அல்லவா? (ஒரு வாசகர், கிண்ணியா)

பதில்: 1921-இல் தம்மிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்துக்கொண்ட காபபிளாங்காவை, 1935-இல் மாஸ்கோவில், தமது 66-ஆம் பிராயத்தில் சாவகாசமாக வீழ்த்தி, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல், முதலிடத்துக்கு அரைப் புள்ளியே பின்தங்கி மூன்றாமிடம் பெற்ற லாஸ்கரிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும். 2006-இல் முதியோர் உலகப் பட்டம் வென்ற கோர்ச்னாய்க்கோ வயது 75.

தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும் என்னும் நியதிக்கு அஞ்சி, நீட்டிய கை குதிரையின் காதுக்கு நூலிழை தூரத்தில் தயங்கி நின்று, பின்பு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதற்காகவே புறப்பட்டதுபோலப் பாவனை செய்து திரும்பும் அழகு இருக்கிறதே, அதை இளைஞர் ஆட்டத்தில் காண இயலாது. கடிகாரம்தான் முதியவர்களுக்குப் பரம சத்துரு.

2009-இல் பாலம் திறக்கும்வரை துறையடியில் பாதைப் படகுக்காகக் காத்துக் காத்துப் பழகிய உங்களூர்ப் பெரியவர்களிடம் பொறுமையின் மகிமையை நான் உபதேசிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். முதியோர் உலகப் போட்டியில் 50 வயதுக்கு ஒரு பிரிவும் 65-க்கு ஒரு பிரிவும் உண்டு. தங்கள் வயதைத்தான் தாங்கள் எழுதவில்லை.