இளமைக்கு ஓர் ஊசி

வயது 59. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் மறுபடியும் காளை ஆகலாமா?

1889-ல் பாரிஸில் ஒருவர் நாய் ஆனார்! பிரௌன் செக்கார் என்ற 72 வயதுப் பேராசிரியர், நாய், கினிப்பன்றியின் விதைகளை நசுக்கிச் சாறெடுத்துத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். மாடிப்படியில் கிட்டத்தட்ட ஓடியே ஏறுகிறேன் என்றார். சிறுநீர் எவ்வளவு தூரம் பாய்கிறது என்றுகூட அளந்து எழுதினார் மனுஷன். அந்தத் தண்ணீர்ச் சாற்றில் ஹார்மோன் இருந்ததாகச் சொல்லவே முடியாது. படியேறியது மனசு.

என் கணவர் எப்போதும் சோர்ந்தே கிடக்கிறார். ஹார்மோன் குறைவா?

கடைக்குப் போகச் சொன்னால் மட்டுமா, கிரிக்கெட் பார்க்கும்போதுமா? பின்னதும் என்றால், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதுவும் காலையிலேயே; மாலையில் அளவு தானாகவே இறங்கும். ஒரு முறை குறைவாக வந்தால் இன்னொரு நாளும் பார்க்க வேண்டும்.

ஊசியும் போட்டுக்கொண்டு, குழந்தைக்கும் முயற்சி செய்யலாமா?

விதைக்கு லீவு கொடுத்துவிட்டு விளைச்சல் கேட்கிறீர்களே! வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை, விதைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைகூடப் போகும்.

இதயம் தாங்குமா?

ஹார்மோன் குறைந்த 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த டெஸ்டோஸ்டிரோன் ஆய்வு 2023-ல் வெளியானது. மாரடைப்பு கூடவில்லை, தாறுமாறான துடிப்பும் நுரையீரல் ரத்தக்கட்டும் சற்றுக் கூடின.

ஊசி பயம். ஜெல்?

தோளில் பூசலாம். பூசிய தோளில் பேரனைச் சாய்த்துத் தூங்க வைக்காதீர்கள். மருந்து அவனுக்கும் ஒட்டும். மூன்று வயதில் அவனுக்கெதற்கு வாலிபம்?